பிரிந்த பெற்றோருக்கிடையே நடுநின்று பேச ஒருவர்

சென்ற ஆண்டு ஒரு ஞாயிறன்று, மறைக்கல்வி முடிந்து பிள்ளைகள் எல்லாரும் கலைந்த பின்னும், எட்டு வயதுச் சிறுவன் ஒருவன் கோவில் வாசற்படியில் பையை மடியில் வைத்துக்கொண்டு அமர்ந்திருந்தான். வீட்டுக்குப் போகவில்லையா என்று வினவினோம். "இன்றைக்கு அப்பா வீடா, அம்மா வீடா என்று தெரியவில்லை சாமி" என்றான். அவனுடைய பெற்றோர் பிரிந்து இரண்டாண்டுகள் ஆகியிருந்தன. அன்று பிள்ளையை அழைத்துச் செல்வது மற்றவரின் முறை என்று இருவருமே எண்ணியிருந்தனர். பிற்பகல் 2 மணிக்கு அவனுடைய பாட்டி வந்து கூட்டிச் சென்றார். அதுவரை அவன் நம் அறையில் அமர்ந்து உணவருந்தினான், அதிகம் பேசவில்லை.

கணவனும் மனைவியும் பிரிந்து வாழலாம். தாயும் தந்தையும் தம் பொறுப்பிலிருந்து பிரிந்துவிட முடியாது. திருச்சபையின் 1983ஆம் ஆண்டுச் சட்டத் தொகுப்பும், தம்பதியர் பிரியும்போது பிள்ளைகளின் பராமரிப்புக்கும் கல்விக்கும் தக்க ஏற்பாடு செய்யப்பட வேண்டும் என்று 1154ஆம் சட்டத்தில் விதிக்கிறது. ஏற்பாடு செய்வது யார் என்பதில்தான் சிக்கல். எந்தப் பள்ளி, கிறிஸ்துமஸ் இரவு யார் வீட்டில், புதுநன்மைக்கு உடை எடுப்பது யார், காய்ச்சல் வந்தால் யாருக்கு முதலில் சொல்வது என்று சண்டைகள் யாவும் சிறியவை. ஆனால் அவை வாரந்தோறும் வருபவை.

நாம் முயன்று பார்க்காமல் இல்லை. இருவரையும் பங்கு இல்லத்துக்கு அழைத்து இரண்டு மணி நேரம் பேசினோம். முடிவில் அந்தத் தகப்பன், "சாமி, திருமணத்தை நடத்தி வைத்தவர் நீங்கள். பெண் வீட்டார் மூன்று தலைமுறையாக உங்கள் பங்கினர். நீங்கள் எனக்காக எப்படிப் பேசுவீர்கள்?" என்று கேட்டான். அவன் கேட்டதில் தவறில்லை. மேலும், அவர்கள் மீண்டும் ஒன்றுசேர வேண்டும் என்ற ஆவலை நம்மால் மறைக்க முடியவில்லை. பேச்சை ஒவ்வொரு முறையும் அங்கேயே இழுத்துச் சென்றோம். பிள்ளையைப் பற்றிப் பேசவேண்டிய நேரம் அதில் கழிந்தது. பின்னர் இருபக்கத்துத் தாய்மாமன்மாரும் கூடினர். ஊர்க்கூட்டத்தில் ஒருவன் வென்றால் மற்றவன் தோற்க வேண்டும். தோற்றவன் சொன்னபடி நடப்பதில்லை. அங்கும் அதுவே நிகழ்ந்தது.

இறுதியில் வழக்கு குடும்ப நல நீதிமன்றத்துக்குச் சென்றது. நீதிபதி இருவரின் சம்மதத்தையும் கேட்டு, அவர்களைச் சமரச மையத்துக்கு அனுப்பினார். இத்தகைய வழி உண்டு என்பதை நம் குடும்பங்களுள் பலர் அறியார். 1984ஆம் ஆண்டின் குடும்ப நீதிமன்றச் சட்டமே, இணக்கத்துக்கு இடமுண்டா என்று முதலில் பார்க்கும் கடமையை நீதிபதியின்மேல் சுமத்துகிறது. 2005 ஏப்ரலில் சென்னை உயர் நீதிமன்ற வளாகத்தில் சமரச மையம் திறக்கப்பட்டது. பின்னர் மாவட்டங்களிலும் மையங்கள் தோன்றின. மணவாழ்க்கை வழக்குகளில் இவ்வழியை முயலுமாறு 2013இல் உச்ச நீதிமன்றமும் குடும்ப நீதிமன்றங்களைப் பணித்தது.

சமரசர் என்பவர் பயிற்சி பெற்றவர், பெரும்பாலும் வழக்கறிஞர். அவர் தீர்ப்புச் சொல்வதில்லை. இருவரையும் சேர்த்து வைத்துக் கேட்கிறார். பின்பு தனித்தனியே கேட்கிறார். தனியே சொன்னதை, சொன்னவரின் அனுமதியின்றி மற்றவரிடம் சொல்வதில்லை. இணக்கம் ஏற்படாவிட்டால், ஏற்படவில்லை என்ற செய்தி மட்டுமே நீதிபதிக்குப் போகும். அங்கே பேசியதை எவரும் சாட்சியமாகக் காட்ட இயலாது. பாவசங்கீர்த்தன முத்திரைக்கு இதை ஒப்பிடத் துணியோம். ஆயினும் மனிதர் மனம் திறப்பதற்கு என்ன தேவை என்பதை அறிந்தவர்களே இவ்விதியை வகுத்திருக்கிறார்கள்.

கிறிஸ்துமஸ் இரவு பிள்ளை தன்னிடமே இருக்க வேண்டும் என்று தகப்பன் பிடிவாதமாக நின்றிருந்தான். தனியே பேசியபோதுதான் காரணம் வெளிப்பட்டது. நடமாட இயலாத அவனுடைய தாய்க்குப் பேரனைக் குடிலின் முன் காண வேண்டும் என்ற ஆசை. அதற்கு 24ஆம் தேதி மாலையே போதுமானது. தாய்க்கோ நள்ளிரவுத் திருப்பலியில் மகன் தன்னருகில் நிற்க வேண்டும். இரண்டாண்டுச் சண்டை அரைமணி நேரத்தில் முடிந்ததாக அப்பெண்ணே பின்னர் நம்மிடம் கூறினாள். நாம் இரண்டு மணி நேரம் பேசியும் இந்தக் கேள்வியைக் கேட்கவில்லை என்பதை இங்கே ஒப்புக்கொள்கிறோம்.

உடன்பாட்டை எழுதி இருவரும் கையொப்பமிட்டனர். நீதிமன்றம் அதை ஏற்று ஆணையாக்கியது. பிள்ளை ஒருவரிடம் இருக்கும் நாளில் மற்றவர் இரவில் பத்து நிமிடம் தொலைபேசியில் பேசலாம் என்பதும் அதில் ஒன்று. பிள்ளையைப் பிரிந்திருக்கும் பெற்றோர் நாள்தோறும் ஐந்து பத்து நிமிடமாவது அதனோடு பேச உரிமை வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2020இல் கூறியிருக்கிறது.

எல்லாக் குடும்பத்துக்கும் இது பொருந்தும் என்று சொல்லமாட்டோம். அடியும் மிரட்டலும் உள்ள வீட்டில், அஞ்சி நடுங்கும் பெண்ணை அடித்தவன் எதிரே அமர்த்தி இணங்கிப் போ என்பது கொடுமை. அவளுக்கு 2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் வேறு வழி காட்டுகிறது. அத்தகையவளைச் சமரசம் பேச வற்புறுத்தும் உறவினர்களை நாம் கண்டிருக்கிறோம். சில வேளை குருக்களையும்.

அச்சிறுவனின் பையில் இப்போது ஒரு நோட்டு இருக்கிறது. நேரில் பேசினால் சண்டை வருமாதலால், பிள்ளையைப் பற்றிய செய்தியை மட்டும் அதில் எழுதுமாறு சமரசர் கூறியிருந்தார். ஒரு ஞாயிறன்று அவனே அதைத் திறந்து காட்டினான். "சளி மருந்து இரவு 8 மணிக்குக் கொடுத்தாயிற்று" என்று தகப்பன் எழுதியிருந்தான். கீழே தாயின் கையெழுத்தில், "சரி. கணக்குத் தேர்வு வியாழன்" என்று இருந்தது. அடுத்த ஆண்டு எந்தப் பள்ளி என்பது இன்னும் முடிவாகவில்லை. அதற்காக இருவரும் மறுபடி சமரசரிடம் போகவிருக்கிறார்கள்.