வால் நுனியில் தெரியும் வம்சம்

மிளகாய்க் கொழுந்து மேல்நோக்கிச் சுருண்டு தோணிபோல் நின்றால், இலைப்பேன் விழுந்துவிட்டது என்பது விவசாயிக்குத் தெரிந்துவிடும். கொழுந்தை வெள்ளைத்தாளின் மேல் தட்டினால், மஞ்சள் தூசுபோல் உதிர்பவை மெல்ல ஊரத் தொடங்கும். நீளம் ஒரு மில்லிமீட்டர், மிஞ்சினால் இரண்டு.

அந்த ஒற்றைப் பெயருக்குள் உலகெங்கும் 6,000க்கும் மேற்பட்ட இனங்கள் அடங்கியிருக்கின்றன. எல்லாமே இலையைக் கெடுப்பவை அல்ல. பூவில் வாழ்பவை உண்டு. செடிப்பேன்களை வேட்டையாடுபவை உண்டு. பூஞ்சையைத் தின்றே காலம் கழிப்பவையும் உண்டு.

எல்லாவற்றுக்கும் பொதுவானவை இரண்டு. வாயில் இடது தாடை மட்டுமே வளர்ந்திருக்கும். இறகு உள்ளவற்றில் அது குச்சிபோல் ஒடுங்கி, ஓரமெங்கும் நீண்ட மயிர்க் குஞ்சம் கொண்டிருக்கும். இந்தக் குஞ்சத்தை வைத்துத்தான் 1836இல் ஹாலிடே என்ற அறிஞர் இவற்றின் வரிசைக்கு 'தைசனாப்டீரா' என்று பெயரிட்டார்.

வரிசையை இரண்டாகப் பிரிப்பது வால் நுனி. டெரிபிராண்டியா பிரிவில் பெண்பூச்சிக்கு ரம்பம் போன்ற உறுப்பு இருக்கும். இலையைக் கீறி அதற்குள் முட்டையைச் செருகிவிடும். மிளகாய், வெங்காயம், நெல்லைத் தாக்கும் பெயர்பெற்ற பூச்சிகள் இந்தப் பிரிவில்தான் வருகின்றன. டியூபுலிபெரா பிரிவுக்கு ரம்பம் கிடையாது; உடலின் கடைசிக் கணு குழாயாக நீண்டிருக்கும், முட்டை வெளிப்பரப்பிலேயே இடப்படும். இதில் இருப்பது ஃப்ளியோத்ரிப்பிடே என்ற ஒரே குடும்பம். ஆனால் மொத்த இனங்களில் பாதிக்கு மேல் அந்தக் குடும்பத்தைச் சேர்ந்தவைதான்!

அவற்றில் ஏறக்குறைய பாதி, காய்ந்த கிளையிலும் சருகிலும் பூஞ்சையை உண்டு வாழ்பவை. இவற்றின் சில இனங்களில் ஒரே தாயின் ஆண்களே இருவிதமாக இருக்கும்: ஒருவன் பருத்த முன்னங்கால்களோடு, மற்றவன் பெண்ணைப்போல் மெலிந்து. இந்த வேறுபாட்டை அறியாமல் ஒரே இனத்துக்குப் பல பெயர்கள் சூட்டப்பட்டதுண்டு. அந்தச் சிக்கலை அவிழ்ப்பதில் பெரும்பங்கு சென்னை லயோலா கல்லூரியில் பூச்சியியல் ஆய்வு நிறுவனத்தை உருவாக்கிய டி.என். அனந்தகிருஷ்ணனுக்கு உண்டு. 1969இல் வெளியான அவருடைய 'இந்தியன் தைசனாப்டீரா' நம் நாட்டு இலைப்பேன்களைப் பற்றிய அடிப்படை நூல்.

ஆஸ்திரேலியாவின் வறண்ட நிலத்தில் இக்குடும்பத்தின் கிளாடோத்ரிப்ஸ் பேரினம், வேல இனத்து மரங்களின் இலைக்காம்பை உப்ப வைத்து அதற்குள் குடியிருக்கிறது. சில இனங்களில் சிறுத்த இறகும் பெருத்த முன்னங்கால்களும் கொண்ட 'சிப்பாய்கள்' பிறக்கின்றன. வீட்டைப் பறிக்க வரும் வேறு இலைப்பேன்களோடு அவை மல்லுக்கட்டுகின்றன. 1992இல் இந்தச் செய்தி வெளியானது. எறும்பும் தேனீயும் கறையானும் பெற்றிருந்த சமூக வாழ்க்கைப் பட்டியலில் இலைப்பேனும் சேர்ந்தது.

வகை தெரிவது வயலுக்கும் தேவை. கொழுந்தைச் சுருட்டும் பழைய மிளகாய் இலைப்பேன் ஒன்று. தென்கிழக்கு ஆசியாவிலிருந்து வந்து 2015இல் பெங்களூரு பப்பாளியில் கண்டறியப்பட்ட திரிப்ஸ் பார்விஸ்பைனஸ் வேறொன்று. 2021இல் ஆந்திர, தெலங்கானா மிளகாய்த் தோட்டங்களில் அது பூவுக்குள் கூட்டம் கூட்டமாகப் புகுந்து, பூக்களை உதிரவைத்தது. இரண்டையும் உறுதியாகப் பிரித்தறிய, கண்ணாடிச் சில்லில் பூச்சியைப் பதித்து, நுண்ணோக்கியின் கீழ் அதன் இறகிலும் முதுகிலும் உள்ள மயிர்களை ஒவ்வொன்றாக எண்ண வேண்டியிருக்கிறது.