மருந்துக்கு எட்டாத நோவு

உடலுக்கு நோய் வந்தால் வைத்தியரை நாடுகின்றோம். வீட்டிலே துயர் வந்தால் சுற்றத்தாரை நாடுகின்றோம். ஆயின், "எனக்கு ஏன் இந்தத் துன்பம்? நான் வாழ்ந்ததற்குப் பயன் என்ன?" என்று நோயாளி ஒருவர் கேட்கும்போது யாரை அழைப்பது? நெடுநாட் படுக்கையிற் கிடப்போர் பலரின் உள்ளத்திலும் எழுகின்ற கேள்வி இது. எனினும், இது சமயகுருமாரின் விடயம் என்று கூறி மருத்துவ உலகம் நெடுங்காலம் ஒதுங்கியிருந்தது.

அக்கேள்விக்கும் நோயாளியின் கட்டிலருகே இடமுண்டு என்று நிலைநாட்டியவர்களுள் முதன்மையானவர் ஓர் ஆங்கிலப் பெண்மணி. சிசிலி சோண்டர்ஸ் என்பது அவர் பெயர். மனிதனின் நல்வாழ்வுக்கு ஆன்மிகம் எவ்வகையில் உதவுகின்றது என்று அறிய விரும்புவோர்க்கு இவ்வம்மையாரின் வரலாறு நல்லதொரு பாடம் என்போம்.

சாளரம் ஆக விரும்பியவர்

1918ஆம் ஆண்டிற் பிறந்த சிசிலி, ஒக்ஸ்போட் பல்கலைக்கழகப் படிப்பை இடையில் நிறுத்தி, யுத்தகாலத்தில் தாதித் தொழிலைப் பயின்றார். முதுகு நோவினால் அத்தொழிலைத் தொடர இயலாது போகவே, நோயாளரின் குடும்ப நலன்களைக் கவனிக்கும் வைத்தியசாலை உத்தியோகத்தராயினார். அப்போதுதான் டேவிட் தஸ்மா என்னும் போலந்து நாட்டு யூதரை இலண்டனிற் சந்தித்தார். தஸ்மாவுக்குப் புற்றுநோய் முற்றியிருந்தது. வயதோ நாற்பது. அருகிருந்து பார்க்க உறவினர் எவருமிலர். தாம் பிறந்து வாழ்ந்ததற்கு இவ்வுலகில் ஓர் அடையாளமும் எஞ்சாதே என்ற ஏக்கம் அவரைப் பெரிதும் வாட்டியது.

ஒருநாள், மனத்துக்கு ஆறுதலாக ஏதேனும் சொல்லுமாறு தஸ்மா கேட்டார். தமக்கு மனப்பாடமாயிருந்த சங்கீதத்தைச் சிசிலி சொன்னார். பின்னர், புத்தகத்தை எடுத்து வாசிக்கட்டுமா என்று வினவினார். அது வேண்டாம், சிசிலியின் சிந்தையிலும் இருதயத்திலும் உள்ளதே போதும் என்றார் தஸ்மா.

இறக்குந் தறுவாயிலுள்ளோருக்கு ஓர் இல்லம் அமைப்பது பற்றி இருவரும் பலமுறை பேசினர். 1948 பெப்ரவரியில் தஸ்மா இறந்தபோது 500 பவுணைச் சிசிலிக்கு விட்டுச் சென்றார். அமையப்போகும் இல்லத்திலே தாம் ஒரு சாளரமாக இருக்கவேண்டும் என்பது அவர் விருப்பம்.

இங்கே ஒன்றை ஊன்றி நோக்குதல் வேண்டும். சிசிலி ஆழ்ந்த கிறிஸ்தவ பக்தி உடையவர். எனினும் தஸ்மா கிறிஸ்தவராகவில்லை. தம் முன்னோரின் கடவுளோடு சமாதானஞ் செய்துகொண்டே கண்மூடினார். ஒருவர் தமக்குரிய வழியிலே அமைதி காண உடனிருப்பதே ஆன்மிகத் துணை என்பதைச் சிசிலி அன்றே கண்டுகொண்டார்.

முழு நோவு

குணப்படுத்த முடியாதென்று தெரிந்த நோயாளரை வைத்தியர்கள் கைவிடுவதைக் கண்ட சிசிலி, தாமே வைத்தியம் படிக்கத் துணிந்தார். 1957இல், தமது முப்பத்தெட்டாம் வயதில், வைத்தியராயினார். அடுத்த ஆண்டிலிருந்து, ஹக்னி என்னுமிடத்திற் கத்தோலிக்கக் கன்னியர் நடத்திய புனித சூசையப்பர் இல்லத்திற் பணிபுரிந்தார். நோவு தாங்கமுடியாமற் போன பின்னரே மோர்பின் கொடுப்பது அந்நாளில் வழக்கமாயிருந்தது. நோவு மீண்டும் தலைதூக்குமுன்பே, நேரந் தவறாது மருந்து கொடுக்கும் முறையைச் சிசிலி அங்கே கைக்கொண்டார்.

அந்நாளிலே ஒரு பெண் நோயாளியிடம் அவரது நோவைப் பற்றி விசாரித்தார். முதுகில் தொடங்கியது, இப்போது தன் முழுமையுமே பழுதாகிவிட்டது போலிருக்கிறது என்றார் அப்பெண். தன்பொருட்டுக் கணவனும் மகனும் வேலைக்குப் போகாமல் நிற்க நேர்ந்திருக்குமே என்பதையும், உலகமே தனக்கு எதிராக நிற்பது போன்ற உணர்வையும், தன்னை விளங்கிக்கொள்வார் இல்லையே என்ற துயரையும் ஒன்றாகவே சொன்னார். ஒரு நோவைக் கேட்க, நான்கு நோவுகள் வெளிவந்தன: உடலின் நோவு, மனத்தின் நோவு, குடும்பத்தின் நோவு, ஆன்மாவின் நோவு. இந்நான்கும் சேர்ந்ததையே சிசிலி 'முழு நோவு' என்றார்.

ஒன்று மற்றொன்றை வளர்க்கும். உடல் துடிக்கும்போது கடவுளை நினைக்கவும் மனம் இடங்கொடாது. ஆன்மா தவிக்கும்போது உறக்கம் அகலும். உறக்கமின்மையால் உடல் நோவு மேலும் கூடும். ஆகவே பிரார்த்தனை மருந்துக்குப் பதிலாகாது. மருந்தும் பிரார்த்தனைக்குப் பதிலாகாது.

1967இல் இலண்டனின் சிடனம் பகுதியிற் புனித கிறிஸ்தோப்பர் இல்லம் திறக்கப்பட்டது. தஸ்மா விரும்பிய சாளரமும் அங்கே அமைந்தது. சமயப் பற்றுள்ளோரும் அற்றோரும் அங்கே ஒருங்கே பராமரிக்கப்பட்டனர். 2002இல் உலக சுகாதார நிறுவனம் நோய்தணிப்புப் பராமரிப்புக்கு வகுத்த விளக்கத்தில், உடற்றுன்பத்தோடும் மனத்துன்பத்தோடும் ஆன்மிகத் துன்பமும் இடம்பெற்றது. 2005இல், 87ஆம் வயதில், தாம் நிறுவிய அவ்வில்லத்திலேயே சிசிலி காலமானார்.

எமது வீடுகளில்

எமது நாட்டில் மரணப்படுக்கையருகே சைவர் சிவபுராணம் ஓதுவர், பௌத்தர் பிரித் ஓதுவிப்பர், கிறிஸ்தவர் செபிப்பர், முஸ்லிம்கள் யாசீன் ஓதுவர். போற்றத்தக்க வழக்கங்கள் இவை. ஆயினும் இவற்றைப் பெரும்பாலும் இறுதி நாழிகைக்கே ஒதுக்கிவிடுகின்றோம். அதற்குமுன் பல வாரங்கள் செல்கின்றன. "நான் இனி இருந்தென்ன?" என்று தந்தையார் வாய் திறந்தால், "அப்பிடிச் சொல்லாதேயுங்கோ ஐயா, எல்லாம் சுகம் வரும்" என்று அன்பினாலேயே அவர் வாயை அடைத்துவிடுகின்றோம். அவரது கேள்வி அவருக்குள்ளேயே தங்கிவிடுகின்றது.

நேயர்களுக்கு நாம் கூற விரும்புவது இதுதான். வைத்தியர் எழுதிய நோவு மருந்தை, வினைப்பயன் என்றெண்ணித் தாமதியாது, உரிய நேரத்திற் கொடுங்கள். பின்னர் கதிரையை இழுத்து அருகில் அமருங்கள். அவர் விரும்பும் பாடல் எது, யாரைப் பார்க்க ஆவல், யாரோடு கொண்ட பகையைத் தீர்க்க ஆசை என்று மெல்லக் கேளுங்கள். விடை சொல்லத் தெரியாவிட்டால் வருந்தற்க. பொறுமையோடு கேட்டிருந்தாலே போதும். தஸ்மாவும் சிசிலியின் சிந்தையிலும் இருதயத்திலும் உள்ளதையே வேண்டினார்.