அச்சான பிறகு சிவக்கும் தேதிகள்

2025 ஜனவரி 14 அன்று தென்கொரிய அமைச்சரவை கூடியது. அதே மாதம் 27ஆம் தேதி, திங்கட்கிழமை, தற்காலிக விடுமுறை என்று முடிவானது. 28 முதல் 30 வரை சியோல்லால் என்னும் சந்திரப் புத்தாண்டு. 25, 26 சனி, ஞாயிறு. ஆக, ஆறு நாள் தொடர் விடுமுறை. 27ஆம் தேதி சந்திப்பை நம்பி விமான டிக்கெட் எடுத்திருந்த வெளிநாட்டு வியாபாரிக்குக் கிடைத்த அவகாசம் பதின்மூன்றே நாள். முந்தைய ஆண்டே அச்சான காலண்டர்களில் அந்தத் தேதி கறுப்பு எழுத்தில்தான் இருந்தது.

இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார் தயாரிக்கத் தொடங்கிய 1998 முதல், உதிரிபாகம், அச்சு, வார்ப்பு என்று கொரியாவோடு தொழில் செய்யும் தமிழர்கள் கணிசமாக உண்டு. கொரிய மொழி தெரியாதவர்கள் ஆங்கிலத்தில் விடுமுறைப் பட்டியல் தேடுகிறார்கள். பட்டியலுக்கா பஞ்சம்? எப்போது எழுதிய பட்டியல் என்பதைத்தான் யாரும் பார்ப்பதில்லை.

பட்டியல் தரமானதா என்று பார்க்க ஒரு சோதனை இருக்கிறது. 2026ஐ எடுத்துக்கொள்ளுங்கள். விடுதலை நாளான ஆகஸ்ட் 15 சனிக்கிழமை. அதற்கு ஈடாக 17ஆம் தேதி திங்கட்கிழமை விடுமுறை. நினைவு நாளான ஜூன் 6ம் சனிக்கிழமைதான். ஆனால் அதற்கு ஈடு கிடையாது. 2021இல் வந்த சட்டம் தேசிய விழாக்களுக்கு இந்தச் சலுகையைத் தந்தது, நினைவு நாளை விட்டுவிட்டது. புத்தர் பிறந்தநாளும் கிறிஸ்துமஸும் 2023இல்தான் சேர்ந்தன. சியோல்லாலுக்கும் அறுவடைத் திருநாளான சூசோக்கிற்கும் வேறு கணக்கு: ஞாயிற்றுக்கிழமையோடு மோதினால் ஈடு உண்டு, சனிக்கிழமைக்கு இல்லை. ஆகஸ்ட் 17 சிவப்பாக இல்லாத பட்டியலைத் தயங்காமல் ஒதுக்கிவிடலாம்.

சீனக் காலண்டரைப் பார்த்துக் கொரியத் தேதியை எழுதிவிடுவோரும் உண்டு. பெரும்பாலும் ஒத்துப்போகும் என்பதுதான் ஆபத்து. கொரிய நேரம் சீன நேரத்தைவிட ஒரு மணி முன்னே ஓடுகிறது. அமாவாசைக் கணம் நள்ளிரவை ஒட்டி விழுந்தால், சீனாவில் இன்று, கொரியாவில் நாளை. 1997இல் சீனப் புத்தாண்டு பிப்ரவரி 7, சியோல்லால் 8. 2028இலும் அப்படித்தான்: சீனாவில் ஜனவரி 26, கொரியாவில் 27. வாக்கியமா திருக்கணிதமா என்று பஞ்சாங்கத்தில் மல்லுக்கட்டிய நமக்கு இது ஒன்றும் அந்நியமில்லை.

சரி, ஆங்கிலத்தில் எங்கே பார்ப்பது? கொரியச் சுற்றுலாக் கழகத்தின் ஆங்கிலத் தளம் நல்ல தொடக்கம். சியோலில் உள்ள அமெரிக்கத் தூதரகம் பட்டியல் வெளியிடுகிறது. அதில் அமெரிக்க விடுமுறைகளும் கலந்திருக்கும், ஜூலை 4ஐப் பார்த்துவிட்டுக் கொரியாவே விடுமுறை என்று எண்ண வேண்டாம். பணப் பரிமாற்றம் உள்ளவர்கள் கொரியப் பங்குச் சந்தையின் பட்டியலையும் பார்க்க வேண்டும். மற்ற அலுவலகங்கள் நடக்கும் டிசம்பர் 31 அன்று சந்தைக்கு விடுமுறை. கைபேசிக் காலண்டரை மட்டும் நம்பினால், மே 8 பெற்றோர் தினம், மே 15 ஆசிரியர் தினம் எல்லாம் விடுமுறை போலவே தெரியும். இரண்டும் வேலை நாட்கள்.

தேர்தல் வேறு இருக்கிறது. 2025 ஏப்ரல் 4இல் அதிபர் யூன் சுக் யோல் பதவி நீக்கம் செய்யப்பட்டார். அடுத்த சில நாட்களில் தேர்தல் தேதி ஜூன் 3 என்று முடிவாகி, அந்தச் செவ்வாய்க்கிழமையும் விடுமுறையானது.

எந்தப் பட்டியலிலும் வராத விடுமுறைதான் தொழில் செய்பவரை அதிகம் படுத்துகிறது. உல்சானில் ஹூண்டாய் ஆலை ஆகஸ்ட் தொடக்கத்தை ஒட்டிக் கோடை விடுமுறைக்காக மூடும்போது, அதை நம்பியிருக்கும் சிறு தொழிற்சாலைகளும் சேர்ந்தே மூடுகின்றன. அரசுக் கணக்கில் அது சாதாரண வாரம். இரண்டு விடுமுறைகளுக்கு நடுவே மாட்டிக்கொண்ட ஒற்றை வேலை நாளில் ஊழியர்களை விடுப்பு எடுக்கச் சொல்லும் நிறுவனங்களும் உண்டு. மாறாக, ஐந்து பேருக்குக் குறைவாக வேலை செய்யும் பட்டறைக்குப் பொது விடுமுறையைச் சம்பளத்தோடு தரவேண்டிய கட்டாயமில்லை. அங்கே சிவப்புத் தேதியிலும் இயந்திரம் ஓடலாம். ஆகவே டிக்கெட் எடுக்கும் முன், போகிற நிறுவனத்துக்கே ஒரு மின்னஞ்சல் போட்டுவிடுங்கள். ‘விடுமுறையா?’ என்று கேட்காமல், ‘அந்த வாரம் எந்தெந்த நாள் ஆலை ஓடும், நாங்கள் சந்திக்க வேண்டியவர் இருப்பாரா?’ என்று கேளுங்கள்.