பொம்மைப் படம் பார்க்கப் பெண்ணை அனுப்பலாமா?

செட்டியார்பட்டியில் உங்கள் வீடு என்று வைத்துக்கொள்ளுங்கள். சித்திரம் படிக்கும் பெண் ஒரு நாள் அடுப்படி வாசலில் வந்து நின்று, "அம்மா, அனிமேஷன் பட விழாவுக்குப் போகணும்" என்கிறாள். என்ன சொல்வீர்கள்?

"பொம்மைப் படம் பார்க்கவா ரயிலேறிப் போகணும்? அதுதான் டெலிவிஷனிலே நாள் பூரா ஓடுதே!"

அவளுடைய அப்பா அதைக்கூடச் சொல்ல மாட்டார். பத்திரிகையை இன்னும் கொஞ்சம் உயர்த்திப் பிடித்துக்கொள்வார்.

அவசரப்பட வேண்டாம், அம்மா. அந்த விழாவில் அவள் என்ன காண்பாள் என்று கேட்டுவிட்டு அப்புறம் முடிவு செய்யுங்கள்.

திருவிழா என்றால் நமக்கு ஸ்ரீவில்லிபுத்தூர் ஆடிப்பூரத் தேர்தான். அதுபோல் உலகத்துச் சித்திரப்படக்காரர்கள் எல்லாரும் வந்து வடம் பிடிக்கும் ஊர் ஒன்று உண்டு. பிரான்ஸ் தேசத்தில், ஆல்ப்ஸ் மலைப் பக்கத்தில், ஓர் ஏரிக்கரையில் இருக்கும் அன்னெசி என்ற ஊர் அது. 1960-ல் அங்கே விழா ஆரம்பித்தது. முன்பு ஆண்டு தவறித்தான் நடக்கும். 1998 முதல் ஆண்டுதோறும் ஜூன் மாதத்தில் நடக்கிறது.

அங்கே அரங்கத்துக்குள் நுழைந்தால் முதலில் நமக்குச் சிரிப்புத்தான் வரும். படம் தொடங்கும் முன் ரசிகர்கள் காகிதத்தில் விமானம் மடித்து மேடையை நோக்கி விடுகிறார்கள். எவருடைய விமானமாவது மேடையைத் தொட்டுவிட்டால் ஒரே கரகோஷம்! திரையில் எங்காவது ஒரு முயல் தலைகாட்டினால் போதும், "முயல்! முயல்!" என்று பிரெஞ்சு பாஷையில் அரங்கமே கூவும். நம் பள்ளிக்கூடங்களில் காகித விமானம் விட்ட பிள்ளை பெஞ்சின் மேல் ஏறி நிற்க வேண்டியதுதான். அங்கே அது சம்பிரதாயம்!

ஆனால் கூத்து மட்டும் அல்ல. காட்சிக்கு முன்னால் காட்டும் சின்னஞ்சிறு முகப்புப் படங்களைச் செய்து கொடுப்பவர்கள் யார் தெரியுமா? பாரிஸில் உள்ள கோபலான் கலைப்பள்ளியின் மாணவ மாணவிகள். படிப்பை முடிக்கும்போது மாணவர்கள் எடுக்கும் படங்களுக்கென்றே தனிப் போட்டியும் வைத்திருக்கிறார்கள். மாணவி அங்கே ஓரத்தில் நின்று வேடிக்கை பார்க்க வந்தவள் அல்ல.

இருக்கட்டும், அது தூர தேசத்துக் கதை. நம் பக்கத்துக் கதைக்கு வருவோம்.

விருதுநகர் மாவட்டத்தில் தீப்பெட்டியைப் பற்றிச் சொல்லித்தர வேண்டியதில்லை. அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1922-ல் கல்கத்தாவுக்குப் போய்த் தொழில் கற்று வந்தார்கள். சிவகாசி தீப்பெட்டி ஊர் ஆயிற்று. பெட்டி மேல் ஒட்டுவதற்குப் படம் வேண்டுமே, அச்சுத் தொழிலும் வளர்ந்தது. கிளி, மயில், யானை, தாமரை என்று எத்தனை எத்தனை படங்கள்! குச்சி தீர்ந்ததும் பெட்டியைக் குப்பையில் எறிந்து விடுகிறோம்.

எறியாத ஒரு பாட்டி இருந்தாள், சினிமாவிலே. மும்பையைச் சேர்ந்த கீதாஞ்சலி ராவ் எடுத்த 'பிரிண்டட் ரெயின்போ' என்ற படத்தின் நாயகி அவள். நகரத்து அடுக்கு வீட்டில் தன்னந்தனியாக இருக்கிறாள். துணைக்கு ஒரு பூனை. அவள் வாழ்க்கை சாம்பல் நிறம். சேர்த்து வைத்திருக்கும் தீப்பெட்டிகளில் ஒன்றை எடுத்து உற்றுப் பார்த்தாளோ இல்லையோ, அந்தப் படத்துக்குள்ளேயே போய்விடுகிறாள். அங்கே வர்ணம் கொட்டிக் கிடக்கிறது!

சுமார் 15 நிமிஷப் படம். ஒரு வினாடிக்குத் திரையில் 24 சட்டங்கள் ஓடும். இரண்டு சட்டத்துக்கு ஒரு சித்திரம் என்று சிக்கனமாகப் போட்டாலும் வினாடிக்கு 12. பதினைந்து நிமிஷத்துக்குக் கணக்குப் போட்டால் 10,800 ஆகிறது. கீதாஞ்சலி ராவ் தனி ஒருத்தியாக மூன்று வருஷம் உட்கார்ந்து இந்தப் படத்தை முடித்தார். 2006-ல் கான் பட விழாவின் விமரிசகர் வாரத்தில் அது திரையிடப்பட்டுப் பரிசுகளும் பெற்றது. அவருடைய முழு நீளப் படமான 'பாம்பே ரோஸ்' 2019-ல் வெனிஸ் விழாவின் விமரிசகர் வாரத்தைத் தொடங்கி வைத்தது.

இன்னொன்றும் கேளுங்கள். ஆமதாபாத் தேசிய வடிவமைப்புக் கழகத்தில் படித்த இஷு படேல் கனடாவுக்குப் போய், 1977-ல் ஆயிரக்கணக்கான பாசிமணிகளைக் காமிராவுக்கு அடியில் நகர்த்தி நகர்த்தியே ஒரு படம் எடுத்தார். ஆஸ்கார் பரிசுக்குச் சிபாரிசான படம் அது. நீனா சப்னானி 2009-ல் எடுத்த 'டாங்கோ போலே சே' என்ற படத்திலோ, கட்ச் பிரதேசத்துத் தையல் கலைஞர்கள் ஊர் விட்டு ஊர் வந்த தங்கள் சொந்தக் கதையைச் சொல்கிறார்கள். அவர்கள் துணியில் தைத்த உருவங்களே திரையில் நடக்கின்றன. தையல் மிஷின் சத்தம் கேட்கும் தளவாய்புரத்துக்குப் பக்கத்தில் வளர்ந்த பெண் இதைப் பார்த்தால் அவள் மனசில் என்ன ஓடும் என்று யோசித்துப் பாருங்கள்.

டெலிவிஷன் பெட்டி இதைக் காட்டுவதில்லை. அதில் ஓடும் பொம்மைப் படங்களில் பல, எங்கோ யாரோ எழுதிய கதைக்கு நம் ஊர்ப் பிள்ளைகள் கூலிக்கு வரைந்து கொடுத்தவை. கூலி வேலையில் கேவலம் ஒன்றுமில்லை. குடும்பம் நடக்க வேண்டும். ஆனால் இரண்டு வருஷம் கோர்ஸ் படித்த பெண், தனக்கென்று ஒரு கதை இருக்கலாம் என்பதையே அறியாமல் அந்த நாற்காலியில் போய் உட்காருகிறாளே, அதுதான் எனக்கு ஆறவில்லை.

அன்னெசிக்கு எங்கே போவது என்கிறீர்களா? வேண்டாம். மும்பையில் 1990 முதல் டாக்குமெண்டரி, குறும்படம், அனிமேஷன் மூன்றுக்குமான சர்வதேச விழா நடந்து வருகிறது. அதுவும் தூரமென்றால் திருவனந்தபுரம் இருக்கிறது. தென்காசி, செங்கோட்டை, ஆரியங்காவு வழியாக மலை தாண்டினால் கேரளம்தானே! கேரள அரசின் சலச்சித்திர அகாடமி 2008 முதல் அங்கே டாக்குமெண்டரி, குறும்பட விழா நடத்துகிறது. அனிமேஷனும் அதில் உண்டு. மாணவர்களும் பிரதிநிதிச் சீட்டு வாங்கிக்கொண்டு போகலாம். சமீப வருஷங்களில் ஜூலை, ஆகஸ்டு வாக்கில் நடந்தது. ஆடிப்பூரத்தோடு மோதாமல் பார்த்துக்கொள்ள வேண்டியது உங்கள் பொறுப்பு.

தனியாக அனுப்பப் பயமா? நீங்களும் கூடப் போங்கள். உங்களுக்கும் ஒரு சீட்டு வாங்கச் சொல்லுங்கள். முதல் படத்தில் ஒன்றும் புரியாது, இரண்டாவதில் கொட்டாவி வரும், மூன்றாவதோ நாலாவதோ ஓடும்போது பெண்ணை இடித்து, "இதை எப்படிடீ பண்ணியிருப்பாங்க?" என்று நீங்களே கேட்பீர்கள்.

அப்பாவுக்கு இரண்டு நாளைக்குச் சமையல்? குழம்பைச் சுட வைத்துக்கொள்ள அவருக்குத் தெரியாமலா இருக்கும்? தீப்பெட்டி இருக்கும் இடத்தை மட்டும் காட்டிவிட்டுப் போங்கள்.