இந்த நிரல் எங்கே ஓடும்?

மனிதர் எழுதும் நிரலைக் கணிப்பொறியின் ஆணைகளாக மாற்றித் தருவது கம்பைலர். இந்த ஆணைகள் எல்லாக் கணிப்பொறிகளுக்கும் பொதுவானவை அல்ல. எக்ஸ்86 செயலிக்கு உரியவை ஏ.ஆர்.எம். செயலிக்குப் புரியா. மேலும், எல்லாச் செயலிகளாலும் கம்பைலரைத் தாங்க முடியாது. ஆர்டுயினோ பலகைகளில் காணும் ஏ.டி.மெகா 328 செயலியில் நிரலுக்கு 32 கிலோபைட், தரவுக்கு 2 கிலோபைட் மட்டுமே இடம். பல மெகாபைட் அளவுள்ள கம்பைலர் அதில் எப்படி நுழையும்? ஆகவே பெரிய கணிப்பொறியில் கம்பைலரை ஓட்டி, சிறியதற்கான ஆணைகளைத் தயாரிக்கிறோம். இதுவே கிராஸ் கம்பைலேஷன்.

கம்பைலரும் ஒரு நிரல்தானே, அதை எப்படி உருவாக்குவது என்று நீங்கள் கேட்கலாம். அதற்கென ஒரு ஸ்கிரிப்ட் உண்டு. 1987-இல் ரிச்சர்ட் ஸ்டால்மன் முதன்முதலில் வெளியிட்ட ஜி.சி.சி. கம்பைலரை எடுத்துக்கொள்வோம். அதன் ஸ்கிரிப்ட் மூன்று பொறிகளைப் பிரித்தறிகிறது. கம்பைலர் உருவாகும் பொறி 'பில்டு'. உருவான கம்பைலர் ஓடும் பொறி 'ஹோஸ்ட்'. அந்தக் கம்பைலர் தரும் ஆணைகள் ஓடும் பொறி 'டார்கெட்'. லினக்ஸில் உருவாகி, விண்டோஸில் ஓடி, ஏ.ஆர்.எம். ஆணைகளைத் தரும் கம்பைலருக்கு மூன்றும் வெவ்வேறு. இதற்குக் 'கனடியன் கிராஸ்' என்று பெயர். பெயரிட்ட காலத்தில் கனடாவில் மூன்று தேசியக் கட்சிகள் இருந்தனவாம்!

ஜி.சி.சி. உருவாகும்போது சில துணை நிரல்கள் முதலில் பிறக்கின்றன. அவை செயலியின் விவரக் கோப்பைப் படித்து, கம்பைலரின் ஒரு பகுதியைத் தாமே எழுதித் தருகின்றன. வேலை நடக்கும்போதே ஓட வேண்டியவை ஆதலால், இவற்றை பில்டு பொறிக்காகவே கம்பைல் செய்ய வேண்டும். கம்பைலரை ஹோஸ்டுக்காகவும், அதனுடன் வரும் துணை நூலகத்தை டார்கெட்டுக்காகவும் செய்ய வேண்டும். துணை நிரலைத் தவறுதலாக ஹோஸ்டுக்கென்று செய்துவிட்டால், அது பில்டு பொறியில் ஓடாது. வேலை பாதியில் நின்றுவிடும். மூன்றும் ஒரே பொறியாக இருக்கும்வரை இந்தத் தவறு வெளியே தெரியாது என்பதுதான் ஆபத்து.

இன்னொரு சிக்கலும் உண்டு. வேற்றுப் பொறியில் ஒரு முழு எண் எத்தனை பைட் என்று ஸ்கிரிப்ட் அறிய வேண்டும். சோதனை நிரலை எழுதலாம். ஆனால் ஓட்டிப் பார்க்க அந்தப் பொறி கையில் இல்லையே! ஜி.சி.சி.யின் ஸ்கிரிப்டைத் தயாரிக்கும் ஆட்டோகான்ஃப் கருவி இதற்கு ஒரு யுக்தி செய்கிறது. "அளவு 4-க்கு மேற்படாது" என்பது மெய்யானால் நீளம் 1, பொய்யானால் நீளம் -1 என்று ஓர் அணியை அறிவிக்கிறது. எதிர்ம நீளமுள்ள அணியைக் கம்பைலர் ஏற்காது. ஏற்றதா, மறுத்ததா என்பதே விடை. எல்லையை மாற்றி மாற்றிக் கேட்டால் சரியான எண் கிடைத்துவிடும். ஒரு நிரலைக்கூட ஓட்டத் தேவையில்லை!

இப்படிக் கேட்டறிய முடியாதவற்றை நாமே முன்கூட்டி எழுதிக் கொடுக்கலாம். ஆள் வராதபோது தையற்காரரிடம் அளவுச் சட்டை கொடுப்பதில்லையா? அதைப் போலத்தான்.

ஆகவே ஸ்கிரிப்ட் எழுதுபவர் ஒவ்வொரு நிரலுக்கும் முதலில் கேட்க வேண்டியது, இது எங்கே உருவாகிறது என்பதன்று. எங்கே ஓடும் என்பதே.