உஷார்! முதல் ரிங்கிலேயே எடுக்கிறாரா ஆஸ்பத்திரிக்காரர்?

ஆஸ்பத்திரிக்கு போன் போட்டு, முதல் ரிங்கிலேயே யாராவது எடுத்திருக்கிறார்களா உங்களுக்கு? எனக்கு நடந்ததில்லை. மணி அடித்துக்கொண்டே இருக்கும். எடுத்தாலும் ‘லைன்ல இருங்க’ என்று ஒரு பாட்டைப் போட்டுவிட்டுப் போய்விடுவார்கள். கும்பகோணத்தில் இருக்கும் என் பெரியப்பாவுக்கு முதல் ரிங்கிலேயே எடுத்தார்கள். வார்த்தைக்கு வார்த்தை ‘அய்யா’ போட்டார்கள். அன்று ராத்திரி அவருடைய பென்ஷன் கணக்கிலிருந்து 87,499 ரூபாய் காணாமல் போனது.

பெரியப்பா ரிட்டயர்டு ஹெட்மாஸ்டர். வயது 74. கண்புரை ஆபரேஷன் முடிந்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. மறுபடி ஒருமுறை டாக்டரிடம் காட்ட வேண்டும். ஆஸ்பத்திரி ஃபைல் பீரோவுக்குள். பீரோ சாவி பெரியம்மாவின் இடுப்பில். பெரியம்மா கோயிலில். ‘எதுக்குக் காத்திருக்கணும்’ என்று செல்போனில் ஆஸ்பத்திரி பெயரைச் சொல்லித் தேடியிருக்கிறார். மேலே வந்த முதல் நம்பரைத் தொட்டார். அவ்வளவுதான்.

“வணக்கம் அய்யா. சொல்லுங்க அய்யா.”

“கண் டாக்டரைப் பார்க்கணும்ப்பா. திங்கக்கிழமை முடியுமா?”

“ஒரே ஒரு டோக்கன்தான் இருக்கு அய்யா, பத்தரை மணிக்கு. உங்க பேருல போட்டுரவா? பதிவுக் கட்டணம் பத்து ரூபா மட்டும் ஆன்லைன்ல கட்டணும். வாட்ஸ்அப்ல ஒரு ஃபார்ம் அனுப்பியிருக்கேன், தொறந்து பாருங்க.”

“எழுத்து சரியாத் தெரியலையேப்பா.”

“பரவாயில்ல அய்யா. நான் சொல்றதை மட்டும் அழுத்துங்க. போனை மட்டும் வச்சிராதீங்க.”

இருபத்திரண்டு நிமிடம் பேசியிருக்கிறான். பெரியப்பா லென்ஸைக் கையில் வைத்துக்கொண்டு, ஏடிஎம் கார்டின் முன்பக்க நம்பரையும் பின்பக்க மூன்று எண்ணையும் ஒவ்வொன்றாக ‘ஃபார்மில்’ நிரப்பியிருக்கிறார். பத்து ரூபாய் போகவில்லை. “சர்வர் ஸ்லோவா இருக்கு அய்யா, ராத்திரிக்குள்ள கன்ஃபர்ம் ஆயிரும்” என்றானாம். “நல்லா இருப்பேப்பா” என்று வாழ்த்திவிட்டு போனை வைத்தார் மனுஷர்.

ராத்திரி 11.40-க்கு 49,999 ரூபாய். 11.52-க்கு 37,500 ரூபாய். அவர் தூங்கிக்கொண்டிருந்தார்.

விஷயம் வெளியே தெரிந்ததும் தெருவில் நாலு பேர் கேட்டார்கள்: “படிச்சவரு, இப்படியா ஏமாறுவாரு?” லாட்டரி விழுந்திருக்கிறது என்று சொல்கிறவனிடம் ஏமாறுபவருக்கு ஆசை இருக்கலாம். டாக்டருக்கு டோக்கன் போடுகிறவருக்கு என்ன ஆசை? அவரிடம் இருப்பது கவலை. கவலைப்படுகிற மனிதர் கேள்வி கேட்க மாட்டார், சொன்னதைச் செய்வார் என்பது அந்தத் திருடனுக்குத் தெரியும்.

நம்பர் எப்படிப் பொய்யாகிறது?

கூகுளில் ஒரு பெயரைத் தேடினால் முதலில் வருவது பல சமயம் விளம்பரம். பக்கத்தில் பொடி எழுத்தில் அப்படிப் போட்டிருக்கும், நாம் கவனிப்பதில்லை. காசு கட்டினால் யார் வேண்டுமானாலும் அங்கே வந்து உட்காரலாம். மேப்பில் ஒரு இடத்தின் போன் நம்பரைத் திருத்தச் சொல்லி யார் வேண்டுமானாலும் பரிந்துரைக்கலாம். ஃபேஸ்புக்கில் ஆஸ்பத்திரி படத்தையும் போர்டையும் போட்டு, தங்கள் நம்பரை எழுதி ஒரு பக்கம் தொடங்குகிறவர்களும் உண்டு. பெயர் நிஜம், படம் நிஜம், முகவரியும் நிஜம். நம்பர் மட்டும் பொய்.

அந்த ‘ஃபார்ம்’ என்ன செய்யும்?

வாட்ஸ்அப்பில் வந்தது ஃபார்ம் இல்லை, ஒரு ஆப். ‘ஏபிகே’ என்று முடியும் ஃபைல். ப்ளே ஸ்டோருக்குள் வராமல் நேராக போனில் ஏறுவது. ஏறும்போது ‘எஸ்எம்எஸ் பார்க்க அனுமதியா?’ என்று கேட்கும். ‘சரி’ என்று அழுத்திவிட்டால், வங்கி அனுப்பும் ஓடிபி உங்கள் போனுக்கு வந்த கையோடு அவனுக்கும் போய்விடும். கார்டு விவரத்தை நீங்களே எழுதிக் கொடுத்தாயிற்று. ஓடிபியை உங்கள் போனே கொடுத்துவிடுகிறது. பத்து ரூபாய் வெறும் தூண்டில் புழு. ‘பத்து ரூபாய்தானே, போனால் போகட்டும்’ என்று நாம் நினைக்க வேண்டும், அதற்குத்தான் அவ்வளவு சின்னத் தொகை.

இதிலேயே வேறு வகைகளும் உண்டு. ‘உங்கள் ஸ்கிரீனை நான் பார்த்தால் சுலபமாக உதவுவேன்’ என்று ஒரு ஆப்பை ஏற்றச் சொல்வார்கள். ‘பணம் இரண்டு தடவை வந்துவிட்டது, திருப்பி அனுப்புகிறோம், பின் நம்பரைப் போடுங்கள்’ என்பார்கள். மனதில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்: நம் கணக்குக்குப் பணம் வருவதற்கு யூபிஐ பின் வேண்டவே வேண்டாம். பின் கேட்டால் பணம் போகப்போகிறது என்று அர்த்தம்.

ஆன்லைனில் முன்பணம் கேட்பதெல்லாம் மோசடி என்று சொல்ல வரவில்லை. பல மருத்துவமனைகள் தங்கள் சொந்த ஆப்பிலோ இணையதளத்திலோ டாக்டர் ஃபீஸை முழுதாக வாங்கிக்கொண்டு ரசீது தருகின்றன. ஆனால் வாட்ஸ்அப்பில் ஒரு ஃபைலை அனுப்பி, ‘போனை வைக்காதீங்க’ என்று கூடவே நின்று அழுத்தச் சொல்கிறவர் ஆஸ்பத்திரிக்காரர் இல்லை.

பணம் போய்விட்டால்?

ஞாயிற்றுக்கிழமை காலையில் மெசேஜைப் பார்த்த பெரியப்பா செய்த இரண்டாவது தவறு, ‘பேங்க் லீவாச்சே, நாளைக்குப் போவோம்’ என்று காத்திருந்தது. இது முதல் தவறைவிடப் பெரிது.

சைபர் மோசடிக்கு வங்கி திறக்கும்வரை காத்திருக்கக் கூடாது. உடனே 1930 என்ற உதவி எண்ணைக் கூப்பிடுங்கள். ராத்திரியோ ஞாயிறோ பார்க்க வேண்டாம். நீங்கள் சொல்லும் தகவல் வங்கிக்குப் போய், பணம் எந்தக் கணக்குக்குப் போனதோ அங்கேயே அதை முடக்கப் பார்ப்பார்கள். திருடன் அதை இன்னொரு கணக்குக்கு மாற்றி, ஏடிஎம்மில் எடுத்துவிட்டால் அப்புறம் கதை கஷ்டம். சைபர்கிரைம்.ஜிஓவி.இன் தளத்திலும் புகார் கொடுக்கலாம். கார்டை முடக்க, கார்டின் பின்பக்கம் அச்சிட்டிருக்கும் வங்கி நம்பரைக் கூப்பிடுங்கள். அதையும் கூகுளில் தேடப் போய் இன்னொரு திருடனிடம் மாட்ட வேண்டாம்!

ரிசர்வ் வங்கி 2017 ஜூலையில் வெளியிட்ட சுற்றறிக்கை ஒன்று உண்டு. வாடிக்கையாளர் தானே விவரங்களைக் கொடுத்து ஏமாந்தால், வங்கியிடம் சொல்லும்வரை போன பணம் அவர் பொறுப்பு. சொன்ன பிறகு போகும் பணம் வங்கியின் பொறுப்பு என்கிறது அது. அதனால் வெட்கப்பட்டுக்கொண்டு வீட்டுக்குள் உட்காராதீர்கள். ஒவ்வொரு நிமிடமும் காசு. அதோடு போனை ஏரோபிளேன் மோடில் போட்டு, அந்த ஆப்பை நீக்குங்கள். 1930-க்கு வீட்டில் இருக்கும் வேறொரு போனிலிருந்து பேசுங்கள்.

அப்போ டாக்டரைப் பார்ப்பது எப்படி?

சரியான நம்பர் உங்கள் வீட்டிலேயே இருக்கிறது. பழைய மருந்துச் சீட்டின் தலைப்பில், பில்லில், ஃபைல் அட்டையில் பாருங்கள். புது ஆஸ்பத்திரி என்றால் அங்கே போய்வந்த உறவினரிடம் கேளுங்கள். உள்ளூர் என்றால் ஒரு நடை போய் ரிசப்ஷனில் டோக்கன் போட்டு வாருங்கள்.

அரசு மருத்துவமனைக்கு அப்பாயின்ட்மென்ட்டே தேவையில்லை. காலையில் போய் ஓபி சீட்டு வாங்கினால் போதும். புதுச்சேரி ஜிப்மர் போன்ற மத்திய அரசு மருத்துவமனைகளுக்கு ‘ஓஆர்எஸ்’ என்ற அரசுத் தளத்தில் பதிவு செய்யலாம். அதன் முகவரி ஜிஓவி.இன் என்று முடிகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். வீட்டிலிருந்தபடியே டாக்டரிடம் வீடியோவில் பேச ‘இ-சஞ்சீவனி’ இருக்கிறது, கட்டணம் கிடையாது. எந்த டாக்டரிடம் போவது என்றே புரியவில்லையா? 104-ஐக் கூப்பிட்டு ஆலோசனை கேளுங்கள்.

டாக்டர், டாக்டர்தானா?

நம்பர் சரியாக இருந்தால் மட்டும் போதாது. போர்டில் பெயருக்குப் பின்னால் அரை முழ நீளத்துக்கு எழுத்துகள் இருப்பதைப் பார்த்து மயங்காதீர்கள். கேட்க வேண்டியது ஒன்றுதான்: பதிவு எண். தமிழ்நாடு மருத்துவக் கவுன்சில் தளத்திலும், தேசிய மருத்துவ ஆணையத்தின் பதிவேட்டிலும் பெயரைப் போட்டுப் பார்க்கலாம். 2020 மார்ச்சில் வந்த டெலிமெடிசின் நெறிமுறைப்படி, போனில் வைத்தியம் பார்க்கும் டாக்டரும் தன் சீட்டில் பதிவு எண்ணைக் குறிப்பிட வேண்டும்.

எந்த வைத்திய முறையில் பதிவு பெற்றிருக்கிறார் என்பதும் முக்கியம். ஹோமியோபதியில் பதிவு பெற்றவர் அலோபதி மருந்து கொடுத்து, நோயாளி இறந்துபோன பூனம் வர்மா வழக்கில், அப்படி வைத்தியம் பார்ப்பதே அலட்சியம்தான் என்று 1996-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. பதிவே இல்லாமல் வைத்தியம் பார்த்தால், 2019-ஆம் ஆண்டின் தேசிய மருத்துவ ஆணையச் சட்டப்படி ஓராண்டு வரை சிறை, ஐந்து லட்ச ரூபாய் வரை அபராதம்.

டோக்கன் கேட்கக் கூடாத நேரம்

இதைப் படிக்காமல் விட்டுவிடாதீர்கள். நெஞ்சை அழுத்தும் வலி, திடீரென வாய் கோணுவது, பேச்சுக் குழறுவது, ஒரு பக்கக் கை கால் விழுவது, பாம்புக் கடி, நிற்காத ரத்தப்போக்கு – இதற்கெல்லாம் ‘நாளைக்கு டாக்டர் இருக்காரா?’ என்று கேட்டுக்கொண்டிருக்கக் கூடாது. 108-ஐக் கூப்பிடுங்கள். பக்கவாதத்தில் ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசிக்கு இருக்கும் அவகாசம் பொதுவாக நாலரை மணி நேரம்தான். நெஞ்சுவலிக்கு, 2023-இல் தொடங்கிய ‘இதயம் காப்போம்’ திட்டத்தில் ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே முதல் மாத்திரைகளைக் கொடுத்துத்தான் பெரிய மருத்துவமனைக்கு அனுப்புகிறார்கள். ‘போலீஸ் கேஸ், முதலில் ஸ்டேஷனுக்குப் போங்கள்’ என்று யாராவது சொன்னால், உயிர் காக்கும் சிகிச்சைதான் முதல் கடமை என்று பர்மானந்த் கட்டாரா வழக்கில் உச்ச நீதிமன்றம் 1989-லேயே சொல்லிவிட்டது என்று தைரியமாகச் சொல்லுங்கள்.

இந்த நம்பர்களை நோய் வந்த பிறகு தேடக் கூடாது. உடம்பு நன்றாக இருக்கும்போதே எழுதி வைக்க வேண்டும். பெரியப்பா வீட்டுக் கூடத்தில் மளிகைக் கடைக்காரர் கொடுத்த தினசரி காலண்டர் தொங்குகிறது. அதன் அட்டையில் இப்போது சிவப்பு ஸ்கெட்ச் பேனாவால் பெரிய பெரிய எழுத்தில் 108, 104, 1930. கீழே, ஃபைல் அட்டையைப் பார்த்து எழுதிய கண் ஆஸ்பத்திரி நம்பர். கண்ணாடி இல்லாமலே படிக்கலாம்.

திங்கட்கிழமை காலையில் அந்த நம்பருக்குத்தான் நான் போன் போட்டேன், ஸ்பீக்கரில். எட்டு ரிங் போனது. ஒரு அம்மா எடுத்தார்.

“ரிவ்யூவா? ஃபைல் நம்பர் சொல்லுங்க. நாளைக்குப் பத்து மணிக்கு வாங்க. சொட்டு மருந்து விடுவாங்க, வண்டி ஓட்டிட்டு வராதீங்க. கூட ஒரு ஆளைக் கூட்டிட்டு வாங்க.”

டக்கென்று வைத்துவிட்டார். முழுசாக ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. பைசா கேட்கவில்லை.

சாய்வு நாற்காலியிலிருந்து பெரியப்பா சொன்னார்: “இது நிஜ ஆஸ்பத்திரிதான்டா. ‘அய்யா’ன்னு ஒரு வார்த்தை சொல்லல பாரு.”