உளவியல் ஆய்விற் பரிசோதனையும் மாறிகளும்: வட இலங்கை ஆய்வொன்றை முன்வைத்துச் சில குறிப்புகள்

1879ஆம் ஆண்டிலே வில்லெம் வூண்ட் லைப்சிக் பல்கலைக்கழகத்தில் உளவியலுக்கென ஆய்வுகூடமொன்றை நிறுவியதுடன் பரிசோதனை உளவியல் தோற்றம் பெற்றதெனக் கொள்வது மரபு. பரிசோதனையின் அடிப்படை எளிதானது. ஆய்வாளர் ஒரு காரணியைத் தாமே மாற்றி, அதனால் மற்றொன்றில் நிகழும் மாற்றத்தை அளக்கின்றார். முன்னையது சாரா மாறி. பின்னையது சார்ந்த மாறி. இவற்றிடையே குறுக்கிட்டு முடிவைக் குழப்பக்கூடிய ஏனையவை புற மாறிகள். ஆய்வுகூடத்திற் புற மாறிகளைப் பெருமளவு கட்டுப்படுத்தலாம். ஆயின், சமூகத்தினின்றும் பிரித்தெடுத்து நோக்கப்படும் மனிதனைக்கொண்டு சமூக மனிதனின் உள்ளத்தை எவ்வளவு தூரம் அறியலாம் என்னும் வினா எஞ்சிநிற்கின்றது.

இதனாலேயே ஆய்வுகூடத்துக்கு வெளியே, மக்கள் வாழுமிடத்திற் களப் பரிசோதனைகள் நடத்தப்படுகின்றன. காரணியை ஆய்வாளர் மாற்ற இயலாதவிடத்து, வரலாறு ஏற்படுத்திய வேறுபாட்டை ஒப்பிட்டு நோக்குவது இயற்கைப் பரிசோதனை எனப்படும். யுத்தத்தின் உளத்தாக்கம் இத்தகையது. ஒரு கிராமத்தைக் குண்டுவீச்சுக்கு உட்படுத்தி மற்றொன்றைத் தவிர்த்துவிடுமாறு எந்த ஆய்வாளரும் கோர முடியாது. ஆனால் இங்கு ஓர் இடர்ப்பாடு உண்டு. 1995இல் வலிகாமத்து மக்கள் இடம்பெயர்ந்தபின், வசதி படைத்தோரிற் பலர் கொழும்புக்கும் வெளிநாடுகளுக்கும் சென்றனர். வசதியற்றோர் முகாம்களில் எஞ்சினர். இவ்விரு சாராரின் உளநலத்திற் காணப்படும் வேறுபாடு முகாம் வாழ்வினால் விளைந்ததா, அதற்கு முன்னரே நிலவிய வர்க்க வேறுபாட்டினால் விளைந்ததா என்பதை ஒப்பீடு மாத்திரம் தெளிவுபடுத்தாது.

யுத்தத்தைப் பங்கிட முடியாதெனினும், அதன் வடுக்களுக்கான உதவியை எழுமாற்றாகப் பங்கிடலாம். வீட்சே டொல் முதலியோர் யாழ்ப்பாணத்து உளமருத்துவர் சிவயோகனும் பங்குகொள்ள நடத்தி, 2012இல் வெளியிட்ட ஆய்வு இதற்குத் தக்க சான்றாகும். வட இலங்கைப் பாடசாலைகளில் 1,370 பிள்ளைகள் பரிசீலிக்கப்பட்டு 399 பேர் தெரிவாயினர். 199 பேருக்கு ஐந்து வாரங்களில் 15 அமர்வுகள் கொண்ட உளசமூகப் பயிற்சி வழங்கப்பட்டது. 200 பேர் காத்திருப்போராக, கட்டுப்பாட்டுக் குழுவாயினர். தனிப் பிள்ளைகளன்றிப் பாடசாலைகளே அலகுகளாகப் பங்கிடப்பட்டன. ஒரே வகுப்பிற் சிலருக்கு மாத்திரம் பயிற்சியளித்தால் அதன் செல்வாக்கு ஏனையோருக்கும் பரவிவிடுமாதலால், இம்முறை பொருத்தமானதே. பயிற்சி சாரா மாறி. நெருக்கீட்டிற்குப் பிற்பட்ட மனவடு நோய், மனச்சோர்வு, பதகளிப்பு ஆகியவற்றின் அறிகுறிகள் முதன்மையான சார்ந்த மாறிகள்.

முதன்மை மாறிகளிற் பொதுவான பயன் எதுவும் காணப்படவில்லை. சராசரியோடு நாம் நின்றிருப்பின், பயிற்சி பயனுமற்றது, தீங்குமற்றது என்றே முடிவுசெய்திருப்போம். ஆனால் ஆய்வாளர் மூன்றாவது வகை மாறிகளையும் நோக்கினர். ஒரு விளைவு யாரிடத்து மிகும், யாரிடத்துக் குன்றும் என்பதைத் தீர்மானிக்கும் இவற்றை நிபந்தனை மாறிகள் எனலாம். மனவடு, பதகளிப்பு அறிகுறிகளில் ஆண்பிள்ளைகள் கூடிய பயன் பெற்றனர். அன்றாட யுத்த நெருக்கடி குறைவாயிருந்த பிள்ளைகளும் அவ்வாறே. பயிற்சி பெற்ற பெண்பிள்ளைகளிடத்தோ, காத்திருந்த பெண்பிள்ளைகளைவிட மனவடு அறிகுறிகள் குறைந்த அளவிலேயே தணிந்தன. இயல்பாக ஆறிவந்த காயத்தை உதவியே தாமதப்படுத்தியிருக்கலாம்.

இவ்விடத்தில் இரு உண்மைகள் மனங்கொள்ளத்தக்கன. ஒன்று, கட்டுப்பாட்டுக் குழு இல்லாதிருப்பின் இத்தீங்கு புலனாகியிராது. தணிந்த அறிகுறிகள் யாவும் பயிற்சியின் வெற்றியாகவே கணிக்கப்பட்டிருக்கும். ஆகவே பரிசோதனை முறையை மேலைத்தேய இறக்குமதியென ஒதுக்குவது மக்களுக்கு உதவுவதாகாது. மற்றொன்று, பயிற்சியின் பயனைத் தீர்மானித்தவற்றுள் வகுப்பறைக்கு வெளியே தொடர்ந்த யுத்தமும் ஒன்று. அவ்யுத்தம் 2009இல் முடிவுற்றது. வறுமை, காணியிழப்பு, காணாமலாக்கப்பட்டோரின் குடும்பத் துயர் ஆகியன அதனுடன் முடிவுறவில்லை. ஆய்வாளர் புற மாறிகளெனக் கட்டுப்படுத்த முயல்பவை, பிள்ளைகளுக்கு அவர்தம் வாழ்க்கையேயாகும். அவற்றை மாற்றுவது உளவியலாளரின் பணி மாத்திரமன்று, சமூகத்தின் பணியுமாகும்.